சொந்தக் காரில் ஊட்டி போகிறவர்களுக்கு: பிரேக் கருகாமல் மலை இறங்குவது எப்படி

ஏப்ரல், மே மாதங்களில் என் கடைக்கு வருகிற சில கார்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். ரப்பரையும் பழைய துணியையும் சேர்த்துக் கொளுத்தினால் வருகிற மாதிரி, தொண்டையைக் கமறவைக்கும் நாற்றம். பிரேக் பேட் கருகினால் அப்படித்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி போகும் சாலையில் 26 வருடமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். குன்னூரிலிருந்து இறங்கி வருகிறவர்கள் சமதளத்தைத் தொட்டதும் தேடி வருகிற மெக்கானிக்குகளில் நானும் ஒருவன். அதனால் மலையில் கார் எப்படிக் கெடுகிறது என்பதை வருடா வருடம் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதில் பெரும்பாலானவை கெடவேண்டிய அவசியமே இல்லாதவை.

இரண்டு வருடம் முன்பு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. மலை அடிவாரத்துக் கல்லாறுக்கு மேலே கடைசி வளைவுகளில் ஒரு கார் மலையை ஒட்டிய சாக்கடைக்குள் சக்கரத்தை இறக்கி நிற்கிறது என்றார்கள். கடைப் பையனைக் கூட்டிக்கொண்டு பைக்கில் போனேன். ஏழு பேர் உட்காரும் வண்டி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அப்பா அம்மா. மேலே கேரியரில் மூட்டை. யாருக்கும் அடியில்லை. பெரியவர் பேரனை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணா, பெடல் திடீர்னு தரைக்குப் போயிடுச்சு. போன மாசம்தான் சர்வீஸ் பண்ணினேன்" என்றார் ஓட்டி வந்தவர்.

"எந்த கியர்ல இறங்குனீங்க சார்?"

"நாலாவது. கொஞ்ச இடத்துல நியூட்ரல்ல விட்டேன், டீசல் மிச்சமாகுமேன்னு."

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேட் தேய்ந்திருக்கவில்லை, பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் அதன் முகம் சிலேட்டுப் பலகை மாதிரி வழுவழுவென்று பளபளத்தது. சூட்டில் பேட் மேல்பூச்சு கட்டிப்போனால் அப்படி ஆகும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டான டிஸ்க்கைக் கவ்வாது, வழுக்கும். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கி ஐந்து வருடம் ஆகியும் அதை ஒருமுறைகூட மாற்றியதில்லை. சர்வீஸில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தக் குடும்பம் பிழைத்ததற்கு அந்தச் சாக்கடை ஒரு காரணம். அவர் மலைப்பக்கமாகத் திருப்பியது இன்னொரு காரணம். இதையெல்லாம் எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

முதலில் ஒரு கணக்கு

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். இடையில் இருப்பது 35 கிலோமீட்டர் அளவுக்குச் சாலை, 14 கொண்டை ஊசி வளைவுகள். அதாவது காரை 1,500 மீட்டருக்கு மேல் கீழே இறக்குகிறீர்கள்.

ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய சின்னக் கார் 1,400 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கினால் வெளிப்படுகிற சக்தி கிட்டத்தட்ட 5.8 யூனிட். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணிநேரம் தொடர்ந்து போட்டால் வருகிற சூடு அது. டயர் உருளுவதிலும் காற்றைக் கிழிப்பதிலும் ஒரு பங்கு போய்விடும். மீதிச் சூடு முழுவதையும் ஒன்று என்ஜின் வாங்கவேண்டும், இல்லை பிரேக் வாங்கவேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

என்ஜினுக்குச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே தள்ள ரேடியேட்டர், ஃபேன், கூலண்ட் என்று ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. பிரேக்குக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளங்கை அகலப் பேட், ஒரு இரும்புத் தட்டு, அதன்மேல் படுகிற காற்று, அவ்வளவுதான். மலையில் மெதுவாகப் போகும்போது அந்தக் காற்றும் குறைவு. அதனால் வண்டியைப் பிடித்துவைக்கிற வேலையை என்ஜினிடம் கொடுங்கள். பிரேக்கை வேகம் குறைக்கவும் நிறுத்தவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

முந்தின நாள் ராத்திரி பார்த்தால் எதையும் சரிசெய்ய நேரம் இருக்காது. ஒரு வாரம் முன்பே பாருங்கள்.

பிரேக் ஆயிலிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு: மூடி இறுக்கமாக இருந்தாலும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச்சேர அது கொதிக்கிற சூடு குறையும். டாட் 3 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. டாட் 4 ஆயிலுக்கு இந்த அளவுகள் 230, 155. மலையில் பிரேக்கை விடாமல் மிதித்தால் 140 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, குமிழியை அழுத்தினால் சுருங்கிவிடும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச்சேராது. பெடல் தரைக்குப் போவது இப்படித்தான்.

புது ஆயில் இளந்தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கறுத்துப்போயிருந்தால் கேள்வியே வேண்டாம், மாற்றுங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்று மூடியின் மேலேயே எழுதியிருக்கும்; அதையே ஊற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்து வைத்த பாதி டின்னிலிருந்து ஊற்றவேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். சீல் உடைக்காத டின்னை உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. நான் கஸ்டமர் முன்னால்தான் திறக்கிறேன்.

ஆயில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். பேட் தேயத்தேய ஆயில் அளவு கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. அதனால் முதலில் பேட்டைப் பாருங்கள். அலாய் வீலாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தாலே பேட்டின் கனம் தெரியும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சக்கரத்தின் உள்பக்கம் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக் பிடிக்கிற ஷூவைப் பார்க்கச் சொல்வதும் முக்கியம். வெளியே தெரியாத பாகம் என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் அந்த ஷூவைத்தான்.

மெக்கானிக் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணையுங்கள். பிரேக் பெடலை நாலைந்து முறை நன்றாக மிதித்து விடுங்கள்; பெடல் கட்டையாகிவிடும். இப்போது காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக ஒரு சின்ன அளவு கீழே இறங்கவேண்டும். இறங்கினால், மிதிக்கு வலு கூட்டுகிற பூஸ்டர் வேலை செய்கிறது. அப்படியே அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ஒழுகுகிறது. அந்த வண்டியை மலைக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தெருவுக்கும் எடுக்காதீர்கள்.

அடுத்தது டயர். பட்டன், அதாவது சாலையைத் தொடும் முகத்தில் இருக்கிற வெட்டுகள், ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயரில் ஓடக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் முடிந்தது. மழையில் பர்லியார் பக்கம் சாலை எப்படி வழுக்கும் என்று பார்த்தவன் என்ற முறையில், மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததுமே நான் மாற்றச் சொல்வேன். பட்டன் இருந்தாலும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் வருடம் 22-ஆவது வாரம் செய்தது. வாரக்கடைசியில் மட்டும் ஓடுகிற வண்டிகளில் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடிப்பு விரியும். அது பழைய டயர். காற்றை, வண்டி ஓடுவதற்கு முன் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வைக்கவேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்; முழு லோடுக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், அதை வையுங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். ஸ்டெப்னியைக் கழற்றி அதில் காற்றே இல்லாமல் நடுரோட்டில் நின்றவர்களுக்காக நான் எத்தனையோ முறை மலையேறியிருக்கிறேன்.

என்ஜின் ஆயிலைச் சமதளத்தில், வண்டி ஆறியபின் டிப்ஸ்டிக்கில் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கிறது.

கூலண்ட் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பிய வண்டிகளின் ரேடியேட்டரைத் திறந்தால் துருச்சேறு வரும். வண்டிக்குரிய கூலண்டையே ஊற்றுங்கள். அடர்த்தியாக விற்பதாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் கலக்கவேண்டும்.

கடைசியாக, டிரைவர் காலடி. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மிதியடி மேல் இன்னொரு மிதியடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மடங்கிப்போய் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சீட்டுக்கடியில் தண்ணீர் பாட்டில் வைக்காதீர்கள். இறக்கத்தில் அது உருண்டு முன்னால் வரும், நேராகப் பிரேக் பெடலுக்குக் கீழே போய் நிற்கும். ஒரு வண்டியில் நசுங்கிப்போன ஒரு லிட்டர் பாட்டிலைப் பெடலுக்கு அடியிலிருந்து நானே பிடுங்கி எடுத்தேன். மலை ஓட்டும்போது கால் வழுக்காத, பின்வார் இருக்கிற செருப்போ ஷூவோ போடுங்கள்.

ஏறும்போது

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் நின்று போனில் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் வண்டி கட்டிவிடும். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழி செய்வதும் உண்டு.

ஏறும்போது கெடுவது பெரும்பாலும் கிளட்ச். முன்னால் வண்டி நகர்ந்து நகர்ந்து போகிறது, மேட்டில் நிற்கிறீர்கள், பின்னால் உருளாமல் இருக்க ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறீர்கள். பத்து நிமிடம் இப்படிச் செய்தால் கிளட்ச் பிளேட் கருகும். நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல் செய்யுங்கள். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். முன்பக்கம் லேசாகத் தூக்குகிற மாதிரி வண்டி திமிறும். அந்த நேரம் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஊரில் ஏதாவது ஒரு பாலத்து மேட்டில் ஆளில்லாத நேரம் பத்து முறை பழகிவிட்டு வாருங்கள். கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாறுகிற ஏஎம்டி வண்டிக்காரர்களும் மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கக்கூடாது. உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான்.

சூட்டுமுள் நடுவைத் தாண்டி மேலே போனால் முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். அகலமான இடம் வந்ததும் ஒதுக்குங்கள். ஆவி வராமல், கூலண்டும் ஒழுகாமல் இருந்தால் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கலாம். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அப்புறம் காத்திருங்கள், அரைமணி, முக்கால்மணி. ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் மொத்தமும் கொதித்துப் பீறிடும். என்னோடு வேலை பழகிய நண்பனுக்கு அந்தத் தழும்பு முன்கையில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு வயது 17.

வளைவில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர்தான் நிற்கவேண்டும், விதியும் அதுதான். ஏறும் வண்டி நடுமேட்டில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப முழு அகலமும் வேண்டும். மேலேயோ கீழேயோ பேருந்து தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். வளைவுக்குள் போய் மூக்கோடு மூக்கு நின்றால் பின்னால் இருக்கிற நாற்பது வண்டியும் நகரவேண்டியிருக்கும்.

பலாப்பழக் காலத்தில் பர்லியார், மரப்பாலம் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். பார்த்தால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன் வேண்டாம், லைட் அடிக்கவேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம்.

இறங்கும்போது

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். பாதி இறக்கத்தில் வேகம் கூடியபின் குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எந்த கியர்? எந்த கியரில் அந்த இடத்தை ஏறினீர்களோ அதே கியர். குன்னூர் சாலையில் பெரும்பாலும் இரண்டு, நல்ல நேரான இடத்தில் மூன்று, கொண்டை ஊசியில் சில இடத்தில் ஒன்று.

இரண்டாவது கியரில் காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டால் என்ஜின் சத்தம் கூடும். பழக்கமில்லாதவர்கள் இங்கேதான் பயந்து மேல் கியருக்குப் போகிறார்கள். "என்ஜின் கத்துதே, கெட்டுப்போகாதா?" என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடுவதற்கென்றே செய்த என்ஜின் அது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய வண்டிகளில் எரிபொருள் பாய்வது நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவும் செய்து பிரேக்கையும் கருக்குகிறோம்.

கியர் பிடித்தும் வேகம் கூடினால் பிரேக்கைத் தொடலாம். எப்படித் தொடுவது என்பதுதான் முக்கியம். லேசாகக் காலை வைத்துக்கொண்டே போகக்கூடாது. பேட் டிஸ்க்கை விட்டு விலகவே விலகாது, ஆற நேரமே கிடைக்காது. நாற்பதில் போகிறீர்கள் என்றால் திடமாக மிதித்து இருபத்தைந்துக்குக் கொண்டுவாருங்கள், காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி நாற்பதைத் தொடும்வரை பிரேக்குக்கு ஓய்வு. உங்களுக்கு முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கைப் பாருங்கள். எரிந்தபடியே இருந்தால் அவருக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம், அவரிடமிருந்து தள்ளியே வாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே இறங்காதீர்கள். மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டுக்குக் குறையுங்கள். கியர் படிகளே இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது எஸ். மின்சாரக் காராக இருந்தால் மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரியில் சார்ஜ் ஏற்றும், அருமையான ஏற்பாடு. ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்தச் சார்ஜ் போக இடமில்லை, அதனால் மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும். ஊட்டி லாட்ஜில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். எண்பது போதும், மேட்டுப்பாளையம் வரும்போது ஏறித்தான் இருக்கும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் போங்கள். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள்.

கருகிய வாசனை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட மெத்தென்று கீழே போனாலோ அதுதான் கடைசி எச்சரிக்கை. இன்னும் இரண்டு வளைவுதானே என்று போகாதீர்கள். அகலமான இடத்தில் நில்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறுக்காமல், வண்டி கீழ்நோக்கி நிற்பதால் ரிவர்ஸ் கியரில் அணைத்து, முன்சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஏஎம்டிக்கும் இதேதான். மற்ற ஆட்டோமேட்டிக்கில் பி-யில் வைத்துக் கல் கொடுக்கவேண்டும். புகைகிற சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சீசனில் இதை நிறையப் பார்க்கிறேன், பாட்டில் பாட்டிலாகச் சரசரவென்று ஊற்றுவார்கள். பழுக்கச் சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். தானாக ஆறட்டும், அரைமணிக்குக் குறையாமல். ஆறியபின் பெடல் பழையபடி கட்டையாக வந்தால் முதல், இரண்டாம் கியரில் மெல்ல இறங்கி முதல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வரவில்லையா, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெடல் தரைக்கே போய்விட்டால்

நேரம் சில நொடிகள்தான் இருக்கும், அதனால் முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்து வையுங்கள். பெடலை வேகமாக மறுபடி மறுபடி மிதியுங்கள், கொஞ்சம் பிடி திரும்பலாம். அதே நேரம் கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கியபடியே இழுத்து இழுத்து விடுங்கள்; ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். ஹேண்ட் பிரேக் கம்பிக்குப் பதில் பட்டன் இருக்கிற வண்டியில் அந்தப் பட்டனை விடாமல் இழுத்துப் பிடித்திருங்கள். பெரும்பாலான வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்து நிறுத்தும். ஹாரனை விடாமல் அடியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள்: ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை உருவினால் பூட்டிக்கொள்ளும். அப்புறமும் நிற்காவிட்டால் பள்ளத்துப் பக்கம் பார்க்காதீர்கள். மலைப்பக்கம் போய், மண்மேட்டிலோ சாக்கடையிலோ வண்டியின் பக்கவாட்டைச் சாய்வாக உரசி நிறுத்துங்கள். கதவும் ஃபெண்டரும் நசுங்கும். அதை நான் ஒரு வாரத்தில் தட்டிச் சரிசெய்து கொடுத்துவிடுவேன். பின்சீட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் பெல்ட் போட்டிருந்தால்தான் இந்த யோசனை வேலை செய்யும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், உரசி நிற்கிற வேகத்தில் எந்தக் கையும் குழந்தையைப் பிடித்துவைக்காது.

சமதளம் வந்தபின்

கல்லாறு தாண்டியதும் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருக்கும், அது சரி. ஆனால் இடது முன்சக்கரத்தில் இருக்கிற சூடும் வலது முன்சக்கரத்தில் இருக்கிற சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும்; பின்னாலும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் பேட்டை அழுத்துகிற காலிபர் பிஸ்டன் மாட்டிக்கொண்டு பேட் விடாமல் உரசுகிறது. வண்டி லேசாக ஒரு பக்கம் இழுப்பதும் அதனால்தான். இப்படியே நானூறு கிலோமீட்டர் ஊருக்கு ஓட்டிப்போகவேண்டாம். அங்கேயே, இல்லை கோயம்புத்தூரிலாவது, சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.